தந்தையின் களங்கத்தைத் துடைத்த நீதிபதி கார்டோசோ

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்று ஒரு நகரம். ஆபிரகாம் லிங்கன் வக்கீல் தொழில் நடத்திய ஊர் அது. அங்கே ஒரு வீதியின் குறுக்கே ரெயில் பாதை செல்கிறது. ஒன்று அல்ல, வரிசையாக நான்கு பாதைகள்.

ஐஸ் வியாபாரி ஒருவர் தமது லாரியில் ஐஸ் ஏற்றுவதற்காக அங்கே வந்தார். முதல் தண்டவாளத்தை நெருங்கியதும் லாரியை நிறுத்தினார். அந்தப் பாதையில் கூட்ஸ் பெட்டிகள் வரிசையாக நின்றன. அதனால் வடக்குப் பக்கம் அடியோடு மறைந்து விட்டது. காது கொடுத்துக் கேட்டார். மணி ஓசை இல்லை. விசில் சத்தமும் இல்லை. மெதுவாக லாரியை நகர்த்தினார். முதல் பாதையைத் தாண்டி, பிரதான பாதையில் ஏறியதுதான் தாமதம். மணிக்கு 25 அல்லது 30 மைல் வேகத்தில் வந்த பாசஞ்சர் ரெயில் லாரியின் மீது மோதியது.

வியாபாரி உயிர் பிழைத்தார். காயங்களுக்கு நஷ்டஈடு கேட்டு ரெயில்வே கம்பெனி மீது வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டு அவருக்கு ஒரு காசு கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டது. கண்ணுக்கு ரெயில் தெரியவில்லை என்றால் அவர் லாரியை விட்டு இறங்கி, நடந்து போய்ப் பார்த்திருக்க வேண்டுமாம். இறங்காதது அவர் குற்றமாம். மேல்கோர்ட்டும் அதையே சொன்னது.

அது கோர்ட்டார் தாமாகக் கற்பித்த காரணம் அல்ல. நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு 1927-ம் ஆண்டு வகுத்த விதி அது. வகுத்தவரோ, அமெரிக்காவே போற்றிய ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற பெரிய நீதிபதி.

அந்த விதி சரிதானா? 1934-ம் ஆண்டு அந்தக் கேள்வி வாஷிங்டன் நகரில் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. அதற்குப் பதில் எழுதும் பொறுப்பு, ஹோம்ஸ் விட்டுச் சென்ற அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அவர்தான் பெஞ்சமின் நாதன் கார்டோசோ.

இரட்டைப் பிள்ளை

1870-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி நியூயார்க் நகரில் கார்டோசோ பிறந்தார். அவருடன் எமிலி என்ற பெண் குழந்தையும் இரட்டையாகப் பிறந்தது.

அவருடைய முன்னோர்கள் போர்ச்சுக்கல் நாட்டு வழி வந்த யூதர்கள். அமெரிக்கா சுதந்திரம் அடைவதற்கு முன்பே அங்கே குடியேறியவர்கள். நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலைக்குப் புகழ் பெற்ற கவிதையை எழுதிக் கொடுத்த எம்மா லாசரஸ் அந்தக் குடும்பத்தின் உறவினர்தான்.

தந்தை ஆல்பர்ட் கார்டோசோ ஒரு நீதிபதி. வீட்டில் வசதிக்குக் குறைவு இல்லை. ஆனால் குழந்தைக்கு இரண்டு வயது முடிவதற்குள் குடும்பத்தின் தலையில் இடி விழுந்தது.

எரி ரெயில்வே என்ற கம்பெனியைக் கைப்பற்றப் பெரும் பணக்காரர்கள் அந்தக் காலத்தில் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். ஒருவர் ஒரு நீதிபதியிடம் போய்த் தடை உத்தரவு வாங்குவார். மற்றவர் வேறொரு நீதிபதியிடம் போய் அதற்கு எதிர் உத்தரவு வாங்குவார். நியூயார்க்கில் நீதி விலைக்குக் கிடைக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. அந்தச் சேற்றில் ஆல்பர்ட் கார்டோசோவின் பெயரும் சிக்கியது. கோர்ட்டு நியமனங்களைத் தமது உறவினருக்கும் அரசியல் நண்பர்களுக்கும் அள்ளிக் கொடுத்தார் என்பது அவர் மீது குற்றச்சாட்டு. விசாரணை நடந்தது. பதவியை விட்டு நீக்கும் நிலை வந்தது. அதற்கு முன் 1872-ம் ஆண்டில் அவரே ராஜினாமா செய்து விட்டார்.

பிறகு அவர் வக்கீலாகத் தொழில் நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஆனால் போன பெயர் திரும்பவில்லை. தந்தையின் பெயரோடு ஒட்டிக் கொண்ட களங்கம் பிள்ளைகளின் பின்னாலும் நிழல் போல வந்தது.

அக்காளே தாய்

பெஞ்சமினுக்கு 9 வயதாகும்போது தாயார் காலமானார். அவருக்குத் தாயாக நின்றவர் மூத்த சகோதரி நெல்லி. தம்பியை விடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். அந்த அக்காளின் அன்பு கார்டோசோவின் வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது.

பெஞ்சமின் வீட்டிலேயே பாடம் படித்தார். அவருக்கு ஆசிரியராக வந்தவர் ஹொரேஷியோ ஆல்ஜர். ஏழைச் சிறுவர்கள் உழைப்பால் உயர்ந்ததாகக் கதைகள் எழுதி அமெரிக்கச் சிறுவர்களின் உள்ளத்தைக் கவர்ந்தவர் அவர்.

15-வது வயதில் பெஞ்சமின் கொலம்பியா கல்லூரியில் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாரும் அவரை விட மூத்தவர்கள். அதே 1885-ம் ஆண்டில் தந்தையும் இறந்து விட்டார். 19-வது வயதில் பட்டம் பெற்ற பெஞ்சமின், அதே இடத்தில் சட்டம் படித்தார். இரண்டு ஆண்டுப் படிப்பை அப்போது மூன்று ஆண்டாக நீட்டினார்கள். மூன்றாவது ஆண்டுக்கு அவர் நிற்கவில்லை. சட்டப் பட்டம் வாங்காமலே 1891-ம் ஆண்டில் வக்கீலாகி விட்டார்!

தந்தை தொடங்கிய அலுவலகத்தில் அண்ணனுடன் சேர்ந்து தொழில் நடத்தினார். மேடை ஏறி முழங்கும் வக்கீல் அல்ல அவர். மெல்லிய குரல், அடக்கமான பேச்சு. ஆனால் சட்டப் புத்தகங்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சிக்கலான அப்பீல் வழக்குகள் வந்தால் மற்ற வக்கீல்களே அவரைத் தேடி வந்து வழக்கை ஒப்படைப்பார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படி உழைத்தார். கல்யாணம் செய்து கொள்ளவில்லை. உடன் பிறந்தவர்கள் ஆறு பேரில் எமிலி ஒருவர்தான் மணம் புரிந்து கொண்டவர்.

தந்தை இருந்த கோர்ட்டில் மகன்

நியூயார்க்கில் நீதிபதிகளை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். 1913-ம் ஆண்டு தேர்தலில் கார்டோசோ நின்றார். அந்த நகரத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த டாமனி என்ற அரசியல் கோஷ்டியை எதிர்த்து அவர் போட்டியிட்டார். அவருடைய தந்தை அதே டாமனி கோஷ்டியின் தயவால் நீதிபதி ஆனவர். தந்தையைக் கெடுத்த கூட்டத்தை எதிர்த்தே மகன் நின்றார். சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தும் விட்டார்.

1914-ம் ஆண்டு ஜனவரி மாதம், தந்தை எந்தக் கோர்ட்டிலிருந்து தலை குனிந்து வெளியேறினாரோ அதே கோர்ட்டில் மகன் தலை நிமிர்ந்து அமர்ந்தார். ஒரு மாதத்துக்குள் அவரை மாநிலத்தின் உச்ச நிலையில் உள்ள அப்பீல் கோர்ட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கோர்ட்டு ஆல்பனி நகரில் இருந்தது. 18 ஆண்டுகள் அவர் அங்கே பணி புரிந்தார்.

அந்தக் காலம் எப்படிப்பட்ட காலம்? குதிரை வண்டிகள் ஓடிய ரோட்டில் மோட்டார் கார்கள் வந்து விட்டன. ரெயில் பாதைகள் வீதிகளின் குறுக்கே ஓடின. எங்கே பார்த்தாலும் மோதல். எங்கே பார்த்தாலும் விபத்து. கையிழந்தவர், காலிழந்தவர், கணவனை இழந்தவர், மகனை இழந்தவர் எல்லாரும் கோர்ட்டுக்கு வந்தார்கள்.

ஆனால் சட்டமோ குதிரை வண்டிக் காலத்துச் சட்டம். அதில் கொடுமையான விதி ஒன்றும் இருந்தது. அடிபட்டவர் மீது எள்ளளவு தவறு இருந்தாலும் போதும்; அவருக்கு நஷ்டஈடு எதுவும் கிடையாது. எதிராளியின் தவறு மலையளவு இருந்தாலும் சரிதான்.

நொறுங்கிய சக்கரம்

1916-ம் ஆண்டில் கார்டோசோ எழுதிய ஒரு தீர்ப்பு அவர் பெயரை நாடெங்கும் பரப்பியது.

ஒருவர் வியாபாரியிடமிருந்து பியூக் கார் ஒன்றை வாங்கினார். அக்காலத்தில் கார்ச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மரத்தால் செய்யப்பட்டவை. ஒரு நாள் கார் ஓடிக் கொண்டிருக்கும்போது சக்கரம் நொறுங்கியது. காரில் இருந்தவர் வெளியே வீசி எறியப்பட்டுக் காயம் அடைந்தார். சக்கரத்துக்குப் போட்ட மரம் பழுதானது என்று பிறகு தெரிந்தது.

பியூக் கம்பெனி என்ன சொல்லிற்று? சக்கரத்தை நாங்கள் செய்யவில்லை, வேறொரு கம்பெனியிடம் வாங்கினோம் என்றது. காரை இவருக்கு விற்கவில்லை, வியாபாரிக்குத்தான் விற்றோம் என்றது. எங்களுக்கும் இவருக்கும் ஒப்பந்தமே இல்லை, எப்படி வழக்குப் போட முடியும் என்று கேட்டது. பழைய சட்டப்படி அந்த வாதம் பலமான வாதம்தான்.

கார்டோசோ அதை ஏற்கவில்லை. காரை வாங்கிய வியாபாரி அதில் ஏறிச் சவாரி செய்யப் போவதில்லை. பிறருக்கு விற்கத்தான் வாங்குகிறார். அது கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். மணிக்கு 50 மைல் ஓடக் கூடிய வண்டியின் சக்கரம் பழுதாக இருந்தால் உயிருக்கு ஆபத்து என்பதும் தெரியும். அப்படியானால் சக்கரத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டிய கடமை கம்பெனிக்கு உண்டு. அந்தக் கடமை, காரில் ஏறப் போகிறவரின் உயிரைப் பற்றியது. பணம் கொடுத்தவர் யார் என்பதைப் பற்றியது அல்ல. இதுதான் தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பு கடல் கடந்தது. 1932-ம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, பான பாட்டிலில் நத்தை கிடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில் அதே வழியில் தீர்ப்புச் சொன்னது. அட்கின் பிரபு தமது தீர்ப்பில் கார்டோசோவின் தீர்ப்பைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். அந்த இங்கிலாந்துத் தீர்ப்பின் வழியை இந்தியக் கோர்ட்டுகளும் பின்பற்றின.

விளக்கில்லா வண்டி

இதைக் கண்டு, அடிபட்டவர் பக்கமே எப்போதும் சாய்பவர் கார்டோசோ என்று நினைத்து விடக் கூடாது.

1915-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஓர் இரவு. கணவனும் மனைவியும் குதிரை வண்டியில் போனார்கள். வண்டியில் விளக்கு இல்லை. வளைவில் எதிரே வந்த மோட்டார் கார் அவர்கள் மீது மோதியது. கணவன் இறந்து போனான். கார்க்காரர் தம் பக்கத்தை விட்டு விலகி வந்தார் என்பது மனைவியின் வழக்கு. ஜூரிகள் அந்தப் பெண்ணுக்கு அனுகூலமாகச் சொன்னார்கள்.

வழக்கு கார்டோசோவிடம் வந்தபோது, அந்த வெற்றி நிற்காது என்றார். இரவில் விளக்கேற்றி ஓட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் ரோட்டில் வருகிற மற்றவர்களின் உயிரைக் காப்பதற்காக வந்தது. தக்க காரணமின்றி அதை மீறினால் அதுவே அஜாக்கிரதைதான். ஜூரிகள் இரக்கப்பட்டு அதைச் சின்ன விஷயமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் விளக்கில்லாததும் விபத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். விதவை என்றும் பாராமல் எழுதிய தீர்ப்பு அது. சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்பது அவர் கொள்கை.

ஓடி வந்த உறவினன்

1921-ம் ஆண்டில் வந்தது இன்னொரு வழக்கு. பபலோ நகருக்கும் நயாகரா நீர்வீழ்ச்சிக்கும் இடையே ஓடிய மின்சார ரெயிலில் உறவினர்கள் இருவர் ஏறினார்கள். கூட்டம் நெரிந்தது. கதவை மூடவில்லை. உயரமான பாலத்தின் அருகே வளைவில் வண்டி குலுங்கியது. ஒருவன் வெளியே விழுந்து விட்டான். இருட்டு வேளை. வண்டி சற்றுத் தூரம் போய் நின்றது. மற்றவன் இறங்கி, பாலத்தின் மேல் இருட்டில் நடந்து திரும்பி வந்து தேடினான். கால் தவறி அவனும் கீழே விழுந்து காயப்பட்டான்.

தேடிப் போகச் சொன்னது யார் என்று ரெயில்வே கம்பெனி கேட்டது. கார்டோசோவின் பதில் மனித இதயத்திலிருந்து வந்த பதில். ஒருவன் ஆபத்தில் இருந்தால் இன்னொருவன் காப்பாற்ற ஓடி வருவான். அது மனித சுபாவம். முதல்வனை விழ வைத்த தவறு, தேடி வந்தவனுக்கும் இழைத்த தவறே. அவனை யாராவது கூப்பிட்டார்களா என்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. வழக்கை ஜூரிகள் மறுபடி விசாரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். இன்றைக்கும், காப்பாற்றப் போய் அடிபட்டவர்களுக்காக வாதாடும் வக்கீல்கள் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள்.

அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். நீதிபதி தீர்ப்புக்கு எப்படி வந்து சேருகிறார் என்பதை ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். அது புத்தகமாக வந்தது. சட்ட மாணவர்கள் இன்னும் அதைப் படிக்கிறார்கள்.

பிளாட்பாரத்தில் ஒரு தாய்

புகழுக்கு நடுவே ஒரு வழக்கு அவரைப் பற்றிய விவாதத்தைக் கிளப்பியது. அந்த விவாதம் அவர் மறைந்த பிறகும் ஓயவில்லை.

1924-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் ஒரு ரெயில் நிலையம். கூலி வேலை செய்து பிழைக்கும் தாய் ஒருவர் தம் இரண்டு பெண்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போகப் பிளாட்பாரத்தில் காத்திருந்தார். அப்போது வேறொரு ரெயில் புறப்பட்டது. ஒரு மனிதர் ஓடி வந்து ஏறினார். அவர் தடுமாறவே, ரெயில்வே சிப்பந்திகள் இருவர் அவருக்கு உதவினார்கள். ஒருவர் உள்ளே இருந்து கை கொடுத்தார். மற்றவர் பின்னாலிருந்து தள்ளினார். அவர் கையிலிருந்த காகிதப் பொட்டலம் தவறிக் கீழே விழுந்தது. அதற்குள் இருந்தது வாணவெடி! பயங்கரமாக வெடித்தது. பிளாட்பாரத்தின் மறுகோடியில் நின்ற எடை பார்க்கும் யந்திரம் அந்தத் தாயின் மீது சாய்ந்தது.

ஜூரிகள் அவருக்கு 6 ஆயிரம் டாலர் அளித்தார்கள். அடுத்த கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. 1928-ம் ஆண்டில் வழக்கு அப்பீல் கோர்ட்டுக்கு வந்தது. அப்போது கார்டோசோ தலைமை நீதிபதி.

சிப்பந்திகள் அஜாக்கிரதையாக இருந்திருந்தால் அது பொட்டலத்துக்கு உரியவரிடம் காட்டிய அஜாக்கிரதைதான் என்றார் கார்டோசோ. உள்ளே வெடி இருக்கிறது என்று பொட்டலத்தைப் பார்த்து யாரும் அறிய முடியாது. தூரத்தில் நின்ற பெண்ணுக்கு அதனால் தீங்கு வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. எதிர்பார்க்க முடியாத தீங்குக்குக் கடமையும் இல்லை. வழக்குத் தள்ளுபடி. செலவுத் தொகையும் அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது.

ஏழு நீதிபதிகளில் நால்வர் ஒரு பக்கம். மூவர் மறு பக்கம். ஆண்ட்ரூஸ் என்ற நீதிபதி மாறுபட்டு எழுதினார். உலகத்தில் எல்லாரிடமும் எச்சரிக்கையாக நடப்பது ஒவ்வொருவரின் கடமை. கிட்டே நின்றவர், எட்ட நின்றவர் என்ற பேதம் அதற்கு இல்லை என்பது அவர் கருத்து.

யார் சொன்னது சரி? அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறார்கள். பொறுப்புக்கு எல்லை வேண்டும் என்று கார்டோசோவைப் புகழ்கிறவர்கள் உண்டு. ஏழைத் தாயின் கஷ்டம் அவர் எழுத்தில் தெரியவில்லையே என்று குறை சொல்கிறவர்களும் உண்டு.

அக்காளின் பிரிவு

ஆல்பனியில் கோர்ட்டு நடக்காத நாட்களில் கார்டோசோ நியூயார்க் வீட்டில் அக்காளுடன்தான் இருப்பார். நெல்லி நோயாளியானார். அவர் பக்கத்தில் இருப்பதற்காகத் தம்பி எத்தனையோ அழைப்புகளை உதறினார். 1929-ம் ஆண்டில் நெல்லி இறந்தார். கார்டோசோவின் வீடு வெறிச்சோடியது. பிறகு புத்தகங்களும் வழக்குக் கட்டுகளுமே அவருக்குத் துணை.

1932-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஹோம்ஸ் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 90. அந்த இடத்துக்குத் தகுந்தவர் யார்? பல திசைகளிலிருந்தும் கார்டோசோவின் பெயரே எழுந்தது. ஆனால் தடைகள் இருந்தன. ஜனாதிபதி ஹூவர் குடியரசுக் கட்சி. கார்டோசோ ஜனநாயகக் கட்சி. நியூயார்க்கைச் சேர்ந்த இரண்டு நீதிபதிகள் ஏற்கனவே இருந்தார்கள். யூதர் ஒருவரும் இருந்தார். நியூயார்க்காரர் அதிகம் என்றால் தாமே விலகிக் கொள்வதாக நீதிபதி ஸ்டோன் ஜனாதிபதியிடம் சொன்னார்! தகுதி முன்னே வந்தது. கட்சி பின்னே போயிற்று. பிப்ரவரி 15-ந் தேதி ஹூவர் அவரை நியமித்தார். 24-ந் தேதி செனட் சபை ஒருமனதாக ஏற்றது.

பெரியவரின் விதி

இரண்டு ஆண்டுகள் சென்றன. ஐஸ் வியாபாரியின் வழக்கு வந்தது.

ஹோம்ஸின் விதி பிறந்த வழக்கும் ஒரு லாரி வழக்குதான். ஒகாயோ மாநிலத்தில் லெவல் கிராசிங் ஒன்றில், 60 மைல் வேகத்துக்குக் குறையாமல் வந்த ரெயில் மோதி லாரி ஓட்டியவர் இறந்தார். அவருடைய மனைவி வழக்குப் போட்டார். ரெயில் பாதையில் நிற்பவன் உயிருக்கு ஆபத்து. ரெயில் அவனுக்காக நிற்காது. அவன்தான் ரெயிலுக்காக நிற்க வேண்டும். தெரியவில்லை என்றால் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று 1927-ம் ஆண்டில் ஹோம்ஸ் முடிவு கட்டினார். மனைவிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கேட்பதற்கு நல்ல புத்தி போலத் தோன்றும். சில மாநிலங்கள் அதை ஏற்றன. சில மாநிலங்கள் மறுத்தன. வழக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போகிறதோ அதைப் பொறுத்து அடிபட்டவரின் விதி மாறியது.

கார்டோசோ ஹோம்ஸிடம் அளவு கடந்த பக்தி உள்ளவர். ஹோம்ஸ் இன்னும் உயிரோடு இருந்தார். 1927-ல் அவருக்கு உடன்பட்ட நீதிபதிகள் ஆறு பேர் கோர்ட்டிலும் இருந்தார்கள். பெரியவரின் சொல்லைக் காப்பதா? அடிபட்ட வியாபாரியின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்வதா?

கார்டோசோ தம்மை அந்த லாரியின் ஆசனத்தில் உட்கார வைத்துப் பார்த்தார். வியாபாரி இறங்கிப் போகிறார் என்றே வைத்துக் கொள்வோம். லாரியை எங்கே விடுவது? தண்டவாளத்தின் மேல் விட்டால் அதற்கே ஆபத்து. கூட்ஸ் பெட்டிகளைத் தாண்டி நடந்து போய் எட்டிப் பார்க்கிறார். ரெயில் இல்லை. திரும்பி வந்து ஏறி லாரியைக் கிளப்புவதற்குள், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்த ரெயில் வந்து விடாதா? இறங்கிப் பார்ப்பதால் பயன் இல்லாமல் போகலாம். சில சமயம் அதுவே ஆபத்தாகவும் முடியலாம். உலகத்தில் லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இறங்கிப் பார்த்து விட்டுத்தான் போகிறார்களா? ஜனங்கள் செய்யாத ஒன்றைச் சட்டம் எப்படிக் கட்டாயம் ஆக்கும்?

எல்லா லெவல் கிராசிங்கும் ஒரே மாதிரி அல்ல. எல்லா விபத்தும் ஒரே மாதிரி அல்ல. ஒரே முழக்கோலால் எல்லாவற்றையும் அளக்கக் கூடாது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், புத்தியுள்ள மனிதன் எப்படி நடப்பான் என்பதை ஜூரிகள்தான் தீர்மானிக்க வேண்டும். இப்படி எழுதி, வழக்கைத் திருப்பி அனுப்பினார். 1934-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி அந்தத் தீர்ப்பு வெளியாயிற்று. ஒருவர் கூட மாறுபடவில்லை. ஹோம்ஸுக்கு உடன்பட்ட அந்த ஆறு பேரும் இப்போது கார்டோசோவுடன் சேர்ந்தார்கள்!

நின்று பார்க்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தண்டவாளத்தைக் கடப்பவன் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். தன்னால் ஆன எச்சரிக்கையைச் செய்தவனை, செய்ய முடியாததைச் செய்யவில்லை என்று தண்டிக்கக் கூடாது என்றுதான் சொன்னார்.

கடைசி நாட்கள்

1937-ம் ஆண்டில் மற்றொரு பெரிய வேலை அவர் கைக்கு வந்தது. முதியவர்களுக்குப் பென்ஷன், வேலையற்றவர்களுக்கு உதவி என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கொண்டு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் செல்லாது என்று வழக்குகள் நடந்தன. சட்டம் செல்லும் என்ற தீர்ப்புகளை எழுதியவர் கார்டோசோ. அவை வெளியான நாள் மே 24-ந் தேதி. அன்று அவருடைய 67-வது பிறந்த நாள்!

அந்த ஆண்டு முடிவதற்குள் இதய நோய் கண்டது. 1938-ம் ஆண்டு தொடக்கத்தில் வாத நோயும் தாக்கியது. அந்த ஏப்ரல் மாதம், ரெயில் பாதை ஓரமாக நடந்து சென்றவர் அடிபட்ட வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. இப்படிப்பட்ட விபத்து வழக்குகளை அந்தந்த மாநிலத்தின் சட்டப்படியே தீர்க்க வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. அந்த வழக்கில் பிரதிவாதி யார்? கார்டோசோவின் தந்தையின் பெயரைக் கெடுத்த சண்டைக்குக் காரணமாக இருந்த அதே எரி ரெயில்வேயின் பெயரைத் தாங்கிய கம்பெனி! நோயில் கிடந்த கார்டோசோ அந்தத் தீர்ப்பில் கலந்து கொள்ளவில்லை.

ஜூலை 9-ந் தேதி, நியூயார்க் அருகே போர்ட் செஸ்டரில், நண்பரும் நீதிபதியுமான இர்விங் லேமனின் வீட்டில் கார்டோசோ காலமானார். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. அவர் விட்டுச் சென்ற சொத்து அவருடைய தீர்ப்புகளே.

1976-ம் ஆண்டில் நியூயார்க்கில் தொடங்கிய ஒரு சட்டக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஒரு காலத்தில் அந்த நகரத்து மக்கள் கார்டோசோ என்ற பெயரைக் கேட்டால் முகம் சுளித்தார்கள். இன்று அதே பெயரைப் பொறித்த கட்டடத்தில் இளைஞர்கள் நீதி படிக்கிறார்கள்.

தந்தை செய்த தவறு பிள்ளையின் நெற்றியில் எழுதப்படுவதில்லை. அவன் எழுதுவதே அவன் பெயர். கார்டோசோ அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்வில், ஒவ்வொரு தீர்ப்பாக அதை எழுதிக் காட்டினார்.